சாகசம் யார் பெயரில்?

பாதாளத்துக்குள் இறங்க வேண்டும். வழியில் நிற்கும் அரக்கனை ஏமாற்ற வேண்டும், ஏமாறாவிட்டால் வெட்ட வேண்டும். தங்கத்தை அள்ளிக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். வெளியே வந்து சேரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. புள்ளி சேரச் சேர வீரன் அடுத்த படிக்கு ஏறுவான். எவ்வளவு ஆழம் போகிறானோ அவ்வளவு தங்கம், அவ்வளவு ஆபத்து.

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வெளியான ஒரு விளையாட்டின் அடிப்படை விதி இது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். விளையாடுகிறவர்கள் சுருக்கமாக 'டி அண்ட் டி' என்பார்கள்.

இதைக் கர்நாடகத்தில், கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்காருபேட்டையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு கொஞ்சம் எரிச்சலும் வரும். இந்த ஜங்ஷனில் பிரியும் ஒரு கிளைப் பாதை மாரிக்குப்பத்தில் போய் முடிகிறது. அந்தச் சின்னப் பாதை போட்டதே தங்கத்துக்காகத்தான். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை கோலார் தங்கவயலில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஒரு காசுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு உண்மையாக இருந்தால், வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இங்கே லைன் வீடுகளில் குடியிருந்தவர்களைப் போன்ற மாவீரர்கள் உலகத்திலேயே இருந்திருக்க முடியாது.

புள்ளிகள் வேறு யாருடைய கணக்கிலோ ஏறின. பிறகு அந்தக் கதைக்கு வருவோம். இந்த வகைக் கற்பனை விளையாட்டுகளை எந்தப் பெயரில் அழைப்பது என்று ஐம்பது ஆண்டாக ஓயாமல் நடக்கும் சண்டை முதலில். வெளியிலிருந்து பார்த்தால் வேலையற்றவர்களின் வாக்குவாதம் மாதிரி தெரியும். உள்ளே போனால் பணமும் உரிமையும் அவமானமும் இருக்கின்றன. தங்கவயல்காரர்களுக்கு மிகவும் பழக்கமான சரக்கு.

மேசையில் என்ன நடக்கிறது?

தெரியாதவர்களுக்காக: நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி திருடி, ஒருவன் வாள்வீரன், இன்னொருவர் மந்திரவாதி. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள். அதில் அந்தப் பாத்திரத்தின் பலம், சாமர்த்தியம், கையிருப்பு எல்லாம் எண்களில் எழுதியிருக்கும். நடுவில் பல முகப் பகடைகள். இருபது முகம் கொண்ட பகடைதான் ராஜா.

"கதவுக்குப் பின்னாடி யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க?"

"காதை வச்சுக் கேக்கறேன்."

"உருட்டு."

மூன்று விழுந்தால் எதுவும் கேட்காது. பதினெட்டு விழுந்தால் உள்ளே எத்தனை பேர் என்பது வரை தெரியும். மொத்த ஆட்டமும் இப்படித்தான் போகும். வெற்றி, தோல்வி, கடைசிக் கட்டம் எதுவும் கிடையாது. ஒரே கதை வாரா வாரம் தொடர்ந்து வருஷக்கணக்கில் ஓடும். 2016-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தில் நான்கு சிறுவர்கள் நிலவறையில் உட்கார்ந்து ஆடுவது இதைத்தான். 2023-ல் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்கள் தூக்கம் மறந்து ஆடிய 'பால்டர்ஸ் கேட் 3' இதே விதிகளின் மேல் கட்டியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. வட ஆற்காட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களை நினைத்துப் பாருங்கள். அர்ச்சுனன் தபசுக்குக் கம்பம் ஏறுகிறவர் வேஷக்காரர் மட்டும் அல்ல, அந்த நேரத்தில் அவர் அர்ச்சுனன். படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி ஊரே கதைக்குள் நிற்கும். கட்டியங்காரன் ஒரு காலைக் கதைக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்துக்கொண்டு, ராஜாவிடம் கேள்வி கேட்பான், கூட்டத்தைக் கிண்டல் செய்வான், அடுத்த காட்சிக்கு இழுத்துப் போவான். லேக் ஜெனீவாக்காரர்கள் 'டன்ஜன் மாஸ்டர்' என்று சொன்ன ஆளுக்கு இவனைவிட நெருங்கிய உறவினன் கிடையாது என்பது என் எண்ணம். கட்டியங்காரனிடம் பகடை இருக்காது, அவ்வளவுதான். பகடை சகுனியிடம் இருக்கிறது.

பெயர் வைத்தவர், பெயர் இழந்தவர்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய அந்த விளையாட்டுக்குக் கையெழுத்துப் படியில் இருந்த பெயர் 'தி ஃபேன்டசி கேம்'. அவ்வளவு பொதுவான பெயர். பிறகு கைகாக்ஸ் ஜோடி ஜோடியாகச் சொற்களை எழுதி வீட்டில் வாசித்துக் காட்டியதாகவும், அவருடைய சின்ன மகளுக்கு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிடித்துப்போனதாகவும் சொல்வார்கள். முதல் அச்சு 1,000 பெட்டிகள். விலை 10 டாலர். அட்டையில் 'ரோல் பிளேயிங்' என்ற சொல்லே கிடையாது. காகிதம், பென்சில், சிறு பொம்மைகள் வைத்து ஆடும் இடைக்காலக் கற்பனைப் போர் விளையாட்டுக்கான விதிகள் என்றுதான் போட்டிருந்தது. தாங்கள் போர் விளையாட்டில் ஒரு கிளையை வளர்க்கிறோம் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

பாத்திரமேற்று ஆடுவதுதான் இதில் புதுசு என்பதை விளையாடியவர்கள்தான் முதலில் கண்டுகொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ரசிகர்கள் நடத்திய சிற்றிதழ்களில் காரசாரமான விவாதம் நடந்தது. இது போரா, நாடகமா, கதையா? இதற்கு என்ன பெயர்? 'ரோல் பிளேயிங் கேம்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. அந்தச் சிற்றிதழ்ச் சண்டைகளைத் தோண்டியெடுத்து ஜான் பீட்டர்சன் 2020-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

பெயர் என்றால் வெறும் பெயரா? ஆர்னெசனைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 1977 முதல் 1979 வரை 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று மூன்று தடித்த புத்தகங்கள் வந்தன. விளையாடுகிறவர்களுக்கு அது பழைய விளையாட்டின் வளர்ந்த வடிவம். விளையாட்டை வெளியிட்ட கைகாக்ஸின் டிஎஸ்ஆர் கம்பெனி சொன்ன கணக்கு வேறு: இது தனி விளையாட்டு, தனிப் பெயர், ஆகவே ஆர்னெசனுக்கு இதில் ராயல்டி கிடையாது. முன்னால் ஒட்டிய ஒரே ஒரு அடைமொழியில் ஒரு மனிதனின் பங்கு காணாமல் போனது. அவர் 1979-ல் வழக்குப் போட்டார். 1981-ல் சமரசம் ஆனது.

சக்கரம் கைகாக்ஸ் பக்கமும் சுற்றியது. 1985-ல் தன் சொந்தக் கம்பெனியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். 1992-ல் புதிதாக ஒரு விளையாட்டு எழுதி 'டேஞ்சரஸ் டைமென்ஷன்ஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டு சொல்லும் 'டி'-யில் தொடங்குகின்றன என்று டிஎஸ்ஆர் ஆட்சேபித்தது. 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்' என்று மாற்றினார். அதன் பிறகும் வழக்கு அவரை விடவில்லை. ஒரு காலத்தில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெயர் வைத்த மனிதருக்கு அந்த இரண்டு 'டி'-யைச் சேர்த்துத் தொடக்கூட அனுமதி இல்லை!

கம்பெனியும் இதில் சுத்தம் இல்லை. முதல் பதிப்பில் 'ஹாபிட்' என்று டோல்கீனின் குள்ளர்களைப் பெயரோடு எடுத்துப் போட்டிருந்தார்கள். டோல்கீன் பக்கத்து உரிமைக்காரர்கள் கண்ணை உருட்டியதும் 1977 வாக்கில் அவர்கள் 'ஹாஃப்லிங்' ஆனார்கள்.

1997-ல் டிஎஸ்ஆரை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-ல் அதை ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000-ல் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சாகசங்களை எழுதி விற்கலாம் என்று ஒரு திறந்த உரிமம் கொடுத்தார்கள். விதிகளுக்குத் தடை இல்லை, பெயருக்கு மட்டும் தடை. அங்கிருந்து ஒரு வேடிக்கையான வியாபார மொழி பிறந்தது. சின்னப் பதிப்பாளர்கள் 'உலகின் மிகப் பிரபலமான ரோல் பிளேயிங் விளையாட்டுக்குப் பொருந்தும்' என்று அட்டையில் எழுதினார்கள். கணவன் பெயரைச் சொல்லாமல் 'எங்க வீட்டுக்காரர்' என்று சொன்ன நம் பாட்டிமார்களின் சாமர்த்தியம்!

அதே சமயம் மேசையில் உட்கார்ந்தவர்கள் எந்த விளையாட்டை ஆடினாலும் வெளி ஆளிடம் 'டி அண்ட் டி ஆடுறோம்' என்றுதான் சொல்கிறார்கள். 2009-ல் பைசோ நிறுவனம் கொண்டுவந்த 'பாத்ஃபைண்டர்' ஆடினாலும் அப்படித்தான், பேய்க்கதை விளையாட்டான 'கால் ஆஃப் துலு' ஆடினாலும் அப்படித்தான். தங்களுக்குள் பேசும்போதோ பெயர்கள் கொட்டும். பழைய பாணியில் கரடுமுரடாக ஆடுகிறவர்கள் தங்களை 'ஓஎஸ்ஆர்' என்பார்கள். அதன் கடைசி எழுத்து மறுமலர்ச்சியைக் குறிக்கிறதா மீட்சியைக் குறிக்கிறதா என்று அவர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை. டி அண்ட் டி-யில் ஒரு கையளவு மாற்றிவிட்டு, சேமிப்பையெல்லாம் போட்டு அச்சடித்து, விற்காமல் அடுக்கி வைத்திருப்பவரின் விளையாட்டுக்கு 'ஃபேன்டசி ஹார்ட்பிரேக்கர்' என்று ரான் எட்வர்ட்ஸ் 2002-ல் ஒரு பெயர் வைத்தார். சொந்தக் காசில் கவிதைத் தொகுப்பு போட்ட யாருக்கும் அந்த நெஞ்சுடைப்பு புரியும்.

இத்தனை பெயரும் யாருக்குத் தேவைப்படுகின்றன? விற்பவருக்கும், வகை பிரித்து வாதாடுபவருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆடப் போகிறவள் தோழியிடம் 'செஷன் இருக்கா?' என்றுதான் கேட்கிறாள்.

2023 ஜனவரியில் பெரிய புயல் அடித்தது. திறந்த உரிமத்தைத் திருத்தி, ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் விற்பனை செய்பவர்கள் அந்த எல்லைக்கு மேற்பட்ட தொகையில் 25 விழுக்காடு வரை கட்ட வேண்டும் என்று விஸார்ட்ஸ் தயாரித்த வரைவு கசிந்தது. இருபது ஆண்டுகளாக அந்த நிலத்தில் பயிர் செய்தவர்கள் கொதித்துப்போனார்கள். சந்தா ரத்து, கண்டனக் கடிதம், போட்டி உரிமம் என்று மூன்று வாரம் அமளி. ஜனவரி 27-ல் கம்பெனி பின்வாங்கியது. அடிப்படை விதித் தொகுப்பை யாரும் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. குத்தகைதாரர்கள் ஒன்று சேர்ந்து ஜமீனை இறங்க வைத்த அபூர்வமான சம்பவம் இது.

இறங்கியவன் யார்?

இப்போது தங்கவயலுக்கு வருவோம். இந்த விளையாட்டில் பாதாளத்துக்குள் இறங்கும் கதாநாயகர்களுக்குப் பொதுப்பெயர் 'அட்வென்ச்சரர்'. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில், தகரமும் செம்பும் தோண்டிய காலத்தில், இதே சொல்லுக்குச் சுரங்கத்தில் முதல் போட்ட பங்குதாரர் என்று அர்த்தம். அவர்கள் குழிக்குள் இறங்கியதில்லை. பணத்தை இறக்கினார்கள். ஜான் டெய்லர் குடும்பம் அந்தச் சுரங்கங்களிலும் தொழில் நடத்தியது. அங்கே வேலையில் தேர்ந்த கார்ன்வால்காரர்களைத்தான் மேஸ்திரிகளாகவும் கேப்டன்களாகவும் கோலாருக்குக் கப்பலேற்றினார்கள். லண்டனில் பங்கு வைத்திருந்தவர்கள் லாப ஈவு வாங்கினார்கள்.

பழைய விதிப்புத்தகங்களில் இன்னொரு வகை ஆட்களும் உண்டு. தீவட்டி பிடிக்கவும் மூட்டை சுமக்கவும் முன்னால் போய் அடிபடவும் சாகசக்காரர்கள் காசு கொடுத்து அமர்த்திக்கொள்ளும் கூலி ஆட்கள். அவர்களுக்குப் பெயர் இருக்காது. செத்தால் ஊரில் வேறு ஆள் பிடித்துக்கொள்ளலாம். கூட ஆடுகிறவர்கள் அவர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்வார்கள். தங்கவயலில் வளர்ந்த ஒருவர் அந்த அத்தியாயத்தைப் படித்தால், கதாநாயகன் பக்கத்தைப் புரட்டிவிட்டு அங்கேதான் தன் தாத்தாவைத் தேடுவார்.

விதிகள் வேறு இடங்களிலும் பொய் சொல்கின்றன. ஆழம் போகப் போகத் தங்கம் பெருகும் என்பது விளையாட்டு. கோலாரில் தலைகீழ். ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த காலம் உண்டு. கடைசியில் ஒரு டன்னை உடைத்தால் சில கிராம்தான். ஆழத்தில் கூடியது சூடும் பாறை அழுத்தமும். எந்த நேரமும் பாறை வெடித்துச் சிதறலாம். டி அண்ட் டி-யில் அடிபட்டால் உயிர்ப் புள்ளி குறையும். இப்போதைய விதிப்படி ராத்திரி ஒரு நல்ல தூக்கம் போட்டால் முழுவதும் திரும்பிவிடும். நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி அப்படிப் போகாது. 1940-களில் இங்கே தொழிலாளர்களிடம் நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு சிலிகோசிஸ் இருந்தது தெரியவந்தது.

பாத்திரத் தாள் என்று ஒன்று சொன்னேன் அல்லவா? ஆடுகிறவர்கள் ஆசையாக நிரப்புவது அதைத்தான்: பெயர், குலம், திறமை, ஆயுதம். தங்கவயலில் நிர்வாகம் ஒரு தாள் நீட்டியது. தங்கத் திருட்டைத் தடுக்க என்று சொல்லி ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்யக் கிளம்பியபோது, 1930-ல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. குற்றவாளிக்கு எடுப்பது மாதிரி எங்களுக்கு எடுக்காதே என்றார்கள். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் தாளுக்கும், அடுத்தவன் எழுதி வைத்துக்கொள்ளும் தாளுக்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். பங்காருபேட்டைக்கு முன்பு இருந்த பெயர் பௌரிங்பேட்டை. மைசூரை ஆண்ட தலைமைக் கமிஷனர் லூயின் பௌரிங்கின் பெயர் அது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை இன்றும் அப்படியே நிற்கின்றன. சினிமாவும் இந்த மரபை விடவில்லை. 2018-ல் வந்த 'கேஜிஎஃப்' இந்த வயலின் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்தை எடுத்துக்கொண்டு, 'நராச்சி' என்று ஒரு கற்பனைச் சுரங்கத்தை உள்ளே வைத்தது. வெளியூர்க்காரரிடம் கேஜிஎஃப் என்றால் இன்று அந்தப் படத்தின் நாயகன் ராக்கி பாய்தான் நினைவுக்கு வருகிறார். பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அதிலும் மாயம் உண்டு, பாம்பு உண்டு, தங்கத்தைக் காக்கும் ஆரத்தி என்ற மாயப் பெண்ணும் உண்டு. ஆனால் குழி தோண்டுகிறவர்தான் கதாநாயகன். கூலி ஆளிடம் பாத்திரத் தாளைக் கொடுத்தால் கதை எப்படி மாறும் என்பதற்கு அதைவிடப் பக்கத்து உதாரணம் எனக்குத் தெரியவில்லை. படம் முழுமையாக வெற்றி பெற்றதா என்பது தனிப் பேச்சு.

புலித்தலை ராட்சசன்

1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற அரக்கர் பட்டியலில் 'ராக்ஷச' என்று ஒரு பிறவி இருக்கிறது. புலித்தலை, கோட்டு, கையில் புகைக்குழாய். இந்தப் படத்துக்கும் வால்மீகிக்கும் கம்பனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1974-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கோல்சாக்' என்ற பேய்த் தொடரின் ஓர் அத்தியாயத்தில் ராட்சசன் வந்தான். அதைப் பார்த்து எழுதியதுதான். ஆசீர்வதித்த குறுக்கு வில் அம்புதான் அவனைக் கொல்லும் என்ற விவரம்கூட டிவியிலிருந்து வந்தது. 1980-ல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகத்தில் இந்திரனுக்கும் காளிக்கும் விஷ்ணுவுக்கும் உயிர்ப் புள்ளி போட்டிருந்தார்கள். அதாவது அடித்தால் சாவார்கள்!

பட்டியலில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம் அச்சிட்டிருக்கும். ராட்சசன் என்றால் தீயவன், ஆர்க் என்றால் தீயவன். பிறக்கும்போதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பிறப்பைப் பார்த்துக் குணம் எழுதுவது சரியா என்று மேற்கத்திய ஆட்டக்காரர்கள் கடந்த சில ஆண்டுகளாகத்தான் உரக்கக் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் 'ரேஸ்' என்ற சொல்லையே கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. 2024 விதிப்புத்தகத்தில் 'ஸ்பீசீஸ்' என்று இருக்கிறது. தமிழர்களுக்கு இந்தக் கேள்வி பழசு. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-ல் வெளிவந்து, 1948-ல் தடை செய்யப்பட்டு, 1971-ல்தான் விடுபட்டது. யாரை யார் அரக்கன் என்று எழுதினார்கள் என்ற விவாதத்துக்கு நாம் காவியமே வைத்திருக்கிறோம். இதில் கோலார் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. புராணக் கதைகளைத் தலைகீழாகப் புரட்டி, தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதிய அயோத்திதாசப் பண்டிதருக்கு மிக உறுதியான வாசகர்கள் இந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடையே இருந்தார்கள். அவர் மறைந்த பிறகு அவருடைய நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை பதிப்பித்தது. 'தமிழன்' இதழும் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது.

எல்லை தாண்டி ஒரு பள்ளிக்கூடம்

இந்த வட்டாரத்துக்கும் டி அண்ட் டி-க்கும் நேரடியான ஓர் இணைப்பு உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, பாலிகனப்பள்ளியில் சாந்தி பவன் என்ற உறைவிடப் பள்ளி இருக்கிறது. ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக இந்திய அமெரிக்கத் தொழிலதிபர் ஆபிரகாம் ஜார்ஜ் 1997-ல் தொடங்கியது. 2017-ல் 'டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி' என்ற நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடர் வந்ததே, அதே பள்ளிதான். அந்தப் பள்ளிக்காகப் பல ஆண்டு உழைத்தவர் அவருடைய மகன் அஜித் ஜார்ஜ். அவருடைய இன்னொரு வேலை, டி அண்ட் டி-க்குக் கதையுலகம் எழுதுவது.

1990-களில் அந்த விளையாட்டின் திகில் உலகத்தில் 'ஸ்ரீ ராஜி' என்று ஓர் இந்தியச் சாயல் நாடு இருந்தது. காடு, ராட்சச ராஜா, மர்மக் கோயில்: மேற்கத்தியர் பார்த்த வழக்கமான இந்தியா. 2021-ல் வெளிவந்த 'வான் ரிக்டன்ஸ் கைடு டு ரேவன்லாஃப்ட்' நூலில் அஜித் ஜார்ஜ் அதை அடியோடு மாற்றி 'காலகேரி' ஆக்கினார். மூன்று உடன்பிறப்புகளுக்கிடையே அரியணைக்காக ஓயாத போர். மையத்தில் நிற்பவர் ரம்யா வாசவதன் என்ற மகாராணி. அடுத்த ஆண்டு, 2022 ஜூலையில், அவர் எஃப். வெஸ்லி ஷ்னைடருடன் சேர்ந்து பொறுப்பேற்ற 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' வந்தது. 13 சாகசங்கள்; எழுதிய அனைவரும் கறுப்பின, பழுப்பின எழுத்தாளர்கள். அவற்றில் வங்கத்து ஆறும் சதுப்பும் வரும் 'இன் தி மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா'-வை எழுதியவர் மிமி மண்டல். 2018-ல் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற தலித் எழுத்தாளர்.

புலித்தலை ராட்சசனிலிருந்து மணிவர்ஷாவுக்கு வர நாற்பத்தைந்து ஆண்டு ஆகியிருக்கிறது. அதிலும் உரிமைப் பத்திரம் ஹாஸ்ப்ரோவின் பெட்டிக்குள்தான் இருக்கிறது. காலகேரி என்ற பெயரை அஜித் ஜார்ஜே நாளைக்கு வேறொரு புத்தகத்தில் போட வேண்டுமானால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

அட்டையில் என்ன போடுவது?

ஆகவே நமக்கு என்ன வழி? 2023-ல் வெளியான விதித் தொகுப்பு ஃபிரெஞ்சு, இத்தாலி, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளிலும் அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறது. தமிழாக்கம் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம்; மூலத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி குறிப்பிட்டால் போதும். காசுக்கு விற்கலாம். 'ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்' என்று அட்டையில் எழுதலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று மட்டும் போடக் கூடாது.

தங்கவயலில் நடக்கும் ஒரு சாகசத்தை நான் எழுதுவதானால் அரக்கர்களைத் தேடி அலைய மாட்டேன். பாத்திரங்கள் தயாராக இருக்கின்றன. பாறையில் துளை போடுகிறவர், வெடி வைக்கிறவர், கூரை இடியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர், நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கம்பியில் கட்டிக் கூண்டை இறக்கி ஏற்றும் வைண்டிங் என்ஜின் டிரைவர். மந்திரவாதி இல்லாமல் ஆட்டம் சப்பென்று இருக்கும் என்றால் அதற்கும் ஆள் உண்டு. 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பான், பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து இதே சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளைப் பொருத்தி, வானத்திலிருந்து வந்து பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ உலகில் முதன்முதலாகச் சிக்கிய இடங்களில் ஒன்று இது. இதைவிடப் பெரிய மாயத்தைக் கைகாக்ஸ் யோசித்ததில்லை.

தீவட்டி எத்தனை நிமிடம் எரியும் என்று கணக்கு வைக்கும் விதியை எடுத்துவிடலாம். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. தூசிக்கு ஒரு விதி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு புள்ளி கூடும், தூங்கினாலும் குறையாது. ஒரு காசுக்கு ஒரு புள்ளி என்ற விதியையும் வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு திருத்தத்தோடு: புள்ளிகளைக் கட்டியங்காரன் லண்டன் என்று எழுதிய தனித் தாளில் குறித்துக்கொண்டே வருவான். அந்தத் தாளை எப்படிக் கைப்பற்றுவது என்பதுதான் ஆட்டம்.

பெயர் கேட்டால், 'மாரிக்குப்பம்' என்று வைப்பேன். இருபது முகப் பகடை ஆன்லைனில் கிடைக்கிறது. பென்சிலும் தாளும் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் வாங்கிக்கொள்ளலாம்.